இருபது என்று எண்ணிய பத்தொன்பது அலைவுகள்

முதலில் கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். கேட்டவர் வாழப்பாடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் சேலம் வந்து பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. வீட்டில் முதல் பட்டதாரி. செய்முறை வகுப்பில் சீனியர்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவதுதான் நடக்கிறதாம். ஆராய்ச்சிக்குப் போக ஆசை. ஐ.ஐ.டி.யிலோ பெங்களூருவிலோ இடம் கிடைக்காதவர்களுக்கு உண்மையான அறிவியல் பயிற்சி எங்கே கிடைக்கும், தமிழ் வழியில் படித்ததால் ஆங்கிலம் தடுமாறுகிறதே, வீட்டில் வெளியூர் அனுப்பத் தயங்குகிறார்களே, பேசாமல் பி.எட். முடித்துவிட்டு வேலைக்குப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வீடு சேலம் அஸ்தம்பட்டியில். பதில் கொஞ்சம் நீளும். பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்காருகிறீர்கள் அல்லவா, அப்போது படித்துக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டு நோட்டிலிருந்து தொடங்குகிறேன். நான் பி.எஸ்சி. முதலாண்டில் தனிஊசல் சோதனை செய்தபோது புவிஈர்ப்பு முடுக்கம் 10.8 என்று வந்தது. ஆசிரியரிடம் காட்டினேன். அவர் நோட்டை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "9.8 வரும்படி எழுதிக்கொண்டு வா" என்றார். எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது. எந்தக் கல்லூரி, எந்த ஆசிரியர் என்பது இப்போது வேண்டாம். அவருக்கும் அவருடைய ஆசிரியர் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

பல ஆண்டுகள் கழித்து நானே ஆசிரியராக நின்றுகொண்டிருந்தபோது ஒரு மாணவன் அதே 10.8 ஐக் கொண்டுவந்தான். இந்த முறை விடவில்லை. "இன்னொரு தடவை என் எதிரில் செய்" என்றேன். குண்டை விட்டான், நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தினான், அதே நொடியில் "ஒன்று" என்றான். அங்கேதான் இருந்தது கோளாறு. விட்ட நொடியில் "பூஜ்யம்" என்று சொல்லியிருக்க வேண்டும். "ஒன்று" என்று தொடங்கி "இருபது" என்று முடித்தால் ஊசல் ஆடியிருப்பது பத்தொன்பது அலைவுகள்தான். அலைவுநேரம் இருபதில் ஒரு பங்கு குறைந்துபோகும். ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் வாய்பாட்டில் அலைவுநேரத்தின் இருமடி கீழே, வகுக்கும் இடத்தில் இருக்கிறது. ஆகவே 20 ஐ 19 ஆல் வகுத்து இருமடியாக்கினால் 1.108. அதை 9.78 ஆல் பெருக்கிப் பாருங்கள், 10.8. என் பதினெட்டு வயதுத் தவறு நாற்பது வயதில் பிடிபட்டது. அன்று அந்த ஆய்வகத்தில் இருந்த ஒரே அறிவியல் அந்த 10.8 தான். அதைத்தான் ரப்பரால் அழித்தேன்.

இடையில் 9.78 என்று எழுதியதைக் கவனித்தீர்களா? அது எழுத்துப் பிழை இல்லை. பூமி துருவங்களில் சற்றே தட்டையானது, சுழலவும் செய்கிறது. அதனால் நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஈர்ப்பு முடுக்கம் குறைவு. சேலம் ஏறக்குறைய பதினொன்றரை டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. இங்கே அது 9.78 தான். 9.81 என்பது லண்டன் பக்கத்து எண். ரெக்கார்டு நோட்டில் 9.81 வரும்படி "சரிசெய்கிற" சேலத்து மாணவர், தன் ஊரின் உண்மையான விடையை அழித்துவிட்டு வேறு தேசத்தின் விடையை எழுதிக்கொண்டிருக்கிறார்.

பயிற்சி என்றால் எதைச் சொல்கிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும். விடை முன்கூட்டித் தெரியாத ஒன்றை அளப்பது, அளந்த எண் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று சொல்லத் தெரிவது. சாதாரண பி.எஸ்சி. வகுப்பில் இது பெரும்பாலும் நடப்பதில்லை, உங்கள் புகார் நியாயமானது. ஆனால் இதைத் தொடங்க ஐ.ஐ.டி. வேண்டியதில்லை. சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறினால் போதும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒருமுறை இரண்டு மாணவர்கள் என்னிடம் வந்து, "சேலத்திலும் ஏற்காட்டிலும் ஊசல் சோதனை செய்து, மலைமேல் ஈர்ப்பு குறைவதைக் காட்டப் போகிறோம்" என்றார்கள். நல்ல யோசனை. கிளம்புவதற்கு முன் தாளில் கணக்குப் போடச் சொன்னேன். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு அதற்கு மேலே ஏறக்குறைய 1,200 மீட்டர். அவ்வளவு உயரம் போனால் ஈர்ப்பு முடுக்கம் குறைவது நூற்றில் 0.04 பங்குக்கும் சற்றுக் குறைவு. அதிலும் காலடியில் இருக்கும் மலையின் நிறை தன் பங்குக்குக் கீழே இழுக்கிறது. குறைந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது திருப்பிக் கொடுத்துவிடும். மிச்சம் நூற்றில் 0.024 அளவுக்கு நிற்கும். ஒரு மீட்டர் ஊசல் நூறு அலைவு ஆட 200 விநாடி ஆகும். மலைமேல் அதில் வரக்கூடிய மாற்றம் 0.024 விநாடி. கையால் கடிகாரத்தை அழுத்தும் நமக்கு ஒன்றிரண்டு பத்திலொரு விநாடித் தடுமாற்றம் எப்போதும் உண்டு. யானையை எடை போடும் மேடையில் கடுகை வைத்த கதை.

இதோடு நிற்கவில்லை. மலைமேல் எட்டுப் பத்து டிகிரி குளிர்ச்சி அதிகம். எஃகுக் கம்பியில் குண்டைத் தொங்கவிட்டால் கம்பி சுருங்கும். ஒரு மீட்டரில் பத்தில் ஒரு மில்லிமீட்டர். கேட்கச் சின்ன எண்தான், ஆனால் நாம் தேடும் மாற்றத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அதுவே. போதாக்குறைக்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. ஈர்ப்பு குறைவதால் ஊசல் மெதுவாகும், கம்பி சுருங்குவதால் வேகமாகும். பையன்கள் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் முடியாதா, சார்?" என்றார்கள்.

முடியும். கையால் ஒரு நூறு அலைவை அளக்க முடியாதென்றால் ஒரு நாள் முழுவதும் ஆடும் அலைவுகளைச் சேர்த்து அளக்கலாம். பழைய வீடுகளில் தொங்கும் ஊசல் கடிகாரம் அதைத்தான் செய்கிறது. ஒரு நாளில் 86,400 விநாடி. நான் சொன்ன மாற்றத்துக்குக் கடிகாரம் ஏற்காட்டில் நாளொன்றுக்குப் பத்து விநாடி பின்தங்கும். ஊசல்தண்டு எஃகானால் குளிர் அதில் நாலு விநாடியை மறைக்கும். இப்போது இது எவரும் பார்க்கக்கூடிய அளவு. 1672 இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குக் கடிகாரத்தைக் கொண்டுபோனபோது அது தினம் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. பூமி சரியான உருண்டை இல்லை என்ற முடிவுக்குப் போகும் பாதையில் அது ஒரு முக்கியமான படி. அந்தக் கணக்கும் ஏற்காட்டுக் கணக்கும் ஒன்றுதான். அந்தப் பையன்கள் கடைசிவரை ஏற்காட்டில் ஊசல் கட்டவில்லை. ஆனால் அந்த ஒரு மாலையில் பிழைக் கணக்கு என்றால் என்ன என்று கற்றுக்கொண்டார்கள். மூன்று ஆண்டு ரெக்கார்டு நோட்டு அதைக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

முதல் சோதனையே இவ்வளவு கடினமாக வேண்டாம் என்றால் எளிதானது ஒன்று சொல்கிறேன். ஆய்வக வெப்பமானி ஒன்று, சிறிய அடுப்பு, தண்ணீர். சேலத்தில் தண்ணீர் 99 டிகிரி அளவில் கொதிக்கும். ஏற்காட்டில் 95. நான்கு டிகிரி வித்தியாசத்தைச் சாதாரண வெப்பமானியே காட்டும். இந்த மலைப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். காற்றழுத்த உணரி உள்ள கைபேசி யாரிடமாவது இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டே போங்கள். அடிவாரத்தில் 980 மில்லிபார் அளவில் இருப்பது மேலே 855 அருகில் வந்துவிடும். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் 2016 இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி கைபேசியின் உணரிகளை எல்லாம் அளவுகருவிகளாக்கித் தரும். உயரத்தையும் அழுத்தத்தையும் வரைபடமாக்கிப் பாருங்கள். அது நேர்கோடா, வளைகோடா? வளைந்தால் ஏன்? இதை நான் சொல்லப்போவதில்லை.

நீங்கள் இயற்பியல் மாணவி என்றாலும் சேலம் ஒரு புவியியல் பொருட்காட்சி என்பதை மறந்துவிட வேண்டாம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை சார்னோகைட் என்ற பாறையால் ஆனது. நாம் பொதுவாகக் கருங்கல் என்று சொல்லிவிடுவோம். புதிதாக உடைந்த முகத்தில் எண்ணெய் தடவியதுபோல் பசுமை கலந்த கருமையாகத் தெரியும். இந்தப் பெயரின் கதை சுவையானது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893 இல் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையைப் பார்க்கும்போது, அந்தக் கல் சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்துப் பாறை என்று கண்டுகொண்டு, கல்லறைக்காரர் பெயரையே பாறைக்கு வைத்தார். ஒரு சமாதிக் கல்லை உற்றுப் பார்த்ததில் ஒரு பாறை வகைக்கே பெயர் கிடைத்திருக்கிறது. மலையின் உச்சியில் பாக்சைட், மேற்கே கஞ்சமலையில் காந்தத்தை இழுக்கும் இரும்புத்தாது, கருப்பூர் மாமாங்கம் பக்கம் மேக்னசைட். நம் ஊர் மொழியில் வெள்ளைக்கல். வெள்ளைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் பார்வைக்கு ஏமாற்றும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் பொங்கும், வெள்ளைக்கல் குளிர்ந்த அமிலத்தில் அவ்வளவாக அசையாது. தூய வெள்ளைக்கல் நூறு கிராமைச் சூளையில் நன்றாகச் சுட்டால் 48 கிராம்தான் மிஞ்சும், மீதி கரியமில வாயுவாகப் போய்விடும். உங்கள் கல்லூரி வேதியியல் துறையில் ஒரு நல்ல தராசும் உலையும் இருந்தால் இது ஒரு மதிய வேலை. உங்கள் கல் எவ்வளவு தூயது என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.

ஏற்காட்டிலேயே தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, 1963 இலிருந்து. சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அங்கே குடுவைத் தாவரமும் இருக்கிறது. சேர்வராயன் மலைக்கே உரிய, பெயரிலேயே இந்த மலையைத் தாங்கிய வெர்னோனியா இனமும் இருக்கிறது. உயிரியல் படிக்கும் தோழியை அழைத்துப் போங்கள்.

உங்கள் ஊருக்கு இன்னும் பக்கத்தில் ஏத்தாப்பூர். அங்குள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தை எத்தனையோ தடவை பஸ்ஸில் கடந்திருப்பீர்கள். குச்சிக்கிழங்குக் காட்டில், அதாவது மரவள்ளி வயலில், 2020 வாக்கில் ஒரு புதுவகை மாவுப்பூச்சி வந்து நுனியெல்லாம் கொத்துக்கொத்தாகச் சுருண்டு போனது நினைவிருக்கிறதா? உங்கள் வீட்டில் கிழங்கு போட்டிருந்தால் அப்பாவுக்கு நிச்சயம் நினைவிருக்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த பூச்சி அது. ஆப்பிரிக்காவில் முன்பே இதே தொல்லை வந்தபோது, எறும்பைவிடச் சிறிய ஓர் ஒட்டுண்ணிக் குளவியை விட்டுத்தான் கட்டுப்படுத்தினார்கள். அதே குளவியைப் பெங்களூருவிலுள்ள வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, தனிமைப்படுத்திச் சோதித்து, 2022 இல் ஏத்தாப்பூரில் வயலில் விட்டது. வேற்று நாட்டு உயிர் ஒன்றை உள்ளே விடுவதற்கு முன் அது வேறு எதையும் தாக்காது என்று எப்படி உறுதி செய்வது? எத்தனை குளவி விட்டால் எத்தனை மாதத்தில் எவ்வளவு தூரம் பரவும்? இரண்டாவது கேள்வியில் இயற்பியல் மாணவிக்கு நிறைய வேலை இருக்கிறது. பாத்திரத்தில் மை பரவும் கணக்கோடு அதற்கு உறவு உண்டு. துறைத்தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். பெரும்பாலான ஆராய்ச்சி நிலையங்களில், கேள்வியோடு வரும் மாணவரை உட்காரவைத்துப் பேசுவார்கள். "சும்மா பார்க்க வந்தோம்" என்று நாற்பது பேர் போனால் காவலாளியோடு பேசிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இனி நீங்கள் உண்மையில் கேட்டதற்கு வருகிறேன். கல்லூரிக்கு வெளியே முறையான பயிற்சி எங்கே?

உங்களுக்கு மிகப் பொருத்தமானது மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம். பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் கழகம், டெல்லியில் உள்ள இந்திய தேசிய அறிவியல் கழகம், பிரயாக்ராஜில் உள்ள தேசிய அறிவியல் கழகம் ஆகியவை அவை. தேர்வானால் ஒரு விஞ்ஞானியோடு இரண்டு மாதம் வேலை. உதவித்தொகை உண்டு, ரயில் செலவும் தருவார்கள். கோடைக்கான விண்ணப்பத்தை முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே வாங்கிவிடுவார்கள். நம் பக்கத்து மாணவர்கள் ஏப்ரலில் வந்து கேட்டுக் கைவிரித்துப் போவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். மதிப்பெண் பார்ப்பார்கள், உண்மைதான். ஆனால் எதில் ஆர்வம், ஏன், இதுவரை என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதும் குறிப்பும், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் கனமாக இருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் மட்டும் உங்களை அறிந்த ஆசிரியர் என்ன எழுத முடியும்? "ஒழுக்கமான மாணவி" என்று எழுதுவார். நான் அந்த மாதிரிக் கடிதங்கள் எழுதியிருக்கிறேன். எழுதும்போதே அது குப்பைக்கூடைக்குப் போகும் என்று தெரியும். வளைவுக்கு வளைவு அழுத்தம் அளந்த நோட்டை அவரிடம் காட்டியிருந்தால் கடிதம் வேறு மாதிரி வரும். இந்தத் திட்டத்தில் ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். இதை உங்கள் ஆசிரியரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது, மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் நடத்தும் இளநிலை அறிவியலுக்கான தேசிய முன்முயற்சி. 2004 இலிருந்து நடக்கிறது. முதலில் முகாம், பிறகு தேர்ந்தவர்களுக்குத் தொடர்ந்து ஒரு ஆய்வுப் பணி. விடுமுறைகளில் போய்வந்து படிப்போடு சேர்த்தே செய்வது இதன் சிறப்பு. இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் பி.எஸ்சி. மாணவர்களுக்கென்று தேசிய அளவில் ஒரு இயற்பியல் தேர்வு நடத்துகிறது. பரிசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, எழுதிப் பாருங்கள். நம் பருவத் தேர்வுக்கும் அதற்கும் உள்ள தூரம் ஒரே மதியத்தில் தெரிந்துவிடும்.

கணிதத் தோழிகள் இருந்தால் அவர்களிடம் எம்.டி.டி.எஸ். என்று சொல்லுங்கள். 1993 இல் பேராசிரியர் குமரேசன் தொடங்கிய கோடைகாலக் கணிதப் பயிற்சி. நம்மைப் போன்ற சாதாரணக் கல்லூரிகளின் மாணவர்களை மனதில் வைத்து உருவானது. நான்கு வாரம். அங்கே ஆசிரியர் கரும்பலகையை நிரப்புவதில்லை. கேள்வி கேட்டுக் கேட்டு மாணவரையே நிரூபிக்க வைப்பார். அங்கே போய்வந்த ஒரு மாணவி திரும்பி வந்ததும் வகுப்பில் என்னை மடக்கத் தொடங்கினாள். எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது, பிறகு பழகிவிட்டது.

எம்.எஸ்சி.க்கு வந்த பிறகு கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் கோடைப் பயிற்சியும் இருக்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. மின்கலம், அரிமானம் பற்றி ஆர்வம் வந்தால் அங்கே. ஐ.ஐ.டி. கதவு பன்னிரண்டாம் வகுப்போடு மூடிவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைப் பலர் அறிவதே இல்லை. ஜாம் என்ற நுழைவுத்தேர்வு பி.எஸ்சி. முடிப்பவர்களுக்கானது. அதை எழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி.யும், பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் (இந்திய அறிவியல் நிறுவனம், மேலே சொன்ன கழகம் வேறு) ஒருங்கிணைந்த ஆராய்ச்சிப் படிப்பும் சேரலாம். சேலம் மாவட்டத்துக் கல்லூரிகளிலிருந்து அப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேர் முதல் முயற்சியில் போகவில்லை.

ஒரு எச்சரிக்கை. "இன்டர்ன்ஷிப்" என்ற பெயரில் சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு பத்து நாளில் சான்றிதழ் அச்சடித்துத் தருபவர்கள் பெருகிவிட்டார்கள். பணம் கட்டினால் எதையும் வெளியிடும் "சர்வதேச" ஆய்விதழ்களும் அப்படியே. என் பேத்தி வயது மாணவி ஒருத்தி காதில் இருந்த தோட்டை அடகு வைத்து அப்படியொரு சான்றிதழ் வாங்கியிருந்தாள். உங்களுக்குப் பணம் கொடுத்து அழைக்கும் பயிற்சியும், கட்டணமே கேட்காத பயிற்சியும் இருக்கும்போது, பணம் கேட்கும் பயிற்சியை இரண்டு தடவை யோசியுங்கள்.

வீட்டைப் பற்றி. இரண்டு மாதம் கொல்கத்தாவுக்கோ புனேவுக்கோ பெண்ணை அனுப்ப அம்மாவுக்குத் தூக்கம் வராது, அது இயல்பு. "ஆராய்ச்சி" என்ற சொல்லை வைத்து வாதாடாதீர்கள். அழைப்புக் கடிதத்தைக் காட்டுங்கள், விடுதி வளாகத்துக்குள் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள், வழிகாட்டும் விஞ்ஞானியின் அலுவலகத் தொலைபேசியில் அப்பாவைப் பேசவையுங்கள். விண்ணப்பத்தில் இடங்களைக் குறிப்பிடும்போது சென்னை, பெங்களூரு, திருவனந்தபுரம் என்று ரயிலில் ஒரே இரவில் போய்விடும் ஊர்களை முதலில் எழுதுவதில் வெட்கமில்லை. அதற்கும் முன்னால், ஒரு நாள் பயணமாக வீட்டோடு சேர்ந்து காவலூர் போய்வாருங்கள். ஜவ்வாது மலையில் ஆலங்காயத்துக்கு அருகில் இருக்கும் வைனு பாப்பு வானியல் நிலையம். 1977 இல் யுரேனஸ் கோளுக்கு வளையம் உண்டு என்று கண்டறிந்த அவதானிப்புகளில் காவலூருக்கும் பங்கு உண்டு. 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், கேட்டுக்கொண்டு போங்கள். மகள் எந்த மாதிரி இடத்தில் வேலை செய்ய நினைக்கிறாள் என்பதை அப்பா ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பாதிப் பேச்சுவார்த்தை முடிந்துவிடும்.

ஆங்கிலம். நான் இதை அவ்வளவு பெரிதாக நினைக்கவில்லை, ஆனால் உங்களுக்கு அது பெரிதாக இருப்பதில் ஆச்சரியமில்லை. பள்ளியில் முடுக்கம், உந்தம், திசைவேகம் என்று தெளிவாகப் படித்தவர் கல்லூரி முதல்நாளில் ஆக்சிலரேஷன், மொமெண்டம், வெலாசிட்டி என்று கேட்டதும், தெரிந்ததையே தெரியாது என்று நினைத்துக்கொள்கிறார். என் மாணவர்களிடம் சொல்வது ஒன்றுதான். சோதனைக் குறிப்பை முதலில் தமிழில் எழுதுங்கள். என்ன செய்தேன், என்ன பார்த்தேன், எதில் சந்தேகம் என்று. சிந்தனை தெளிந்த பிறகு ஆங்கிலத்தில் மாற்றுவது ஒரு வார வேலை. தெளியாத சிந்தனையை ஆங்கிலத்தில் எழுதினால் யாருக்கும் புரியாது, உங்களுக்குமே. சென்னை ஐ.ஐ.டி. முன்னின்று 2003 இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடங்கள் இலவசம். தேர்வெழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம். சில பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் இருக்கிறது. ஒரு பாடத்தை எடுத்துப் பன்னிரண்டு வாரமும் பயிற்சிக் கணக்குகளோடு முடியுங்கள். ஐந்து பாடங்களில் சேர்ந்து இரண்டாவது வாரத்தில் நிற்பவர்களே அதிகம்.

தம்பி, தங்கை யாராவது பள்ளியில் படித்தால் அவர்களுக்கு வழி இன்னும் அகலம். 1993 இலிருந்து நடக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயது வரை பங்கேற்கலாம், ஆய்வைத் தமிழிலேயே சமர்ப்பிக்கலாம். தமிழ்நாட்டில் அதை நீண்ட காலம் கொண்டுசென்றது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். அவர்களது துளிர் இதழ் 1987 இலிருந்து வருகிறது. அரசுப் பள்ளிகளில் அறிவியல், கணிதச் செய்முறைகளுக்காக 2022 இல் தொடங்கிய வானவில் மன்றம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் வாரியத்தின் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்து அடிப்படை அறிவியல் பட்டப்படிப்பில் சேர்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். பொறியியலில் சேர்ந்தால் இது இல்லை என்பதையும் பொறியியல் மோகம் பிடித்த சொந்தக்காரர்களிடம் சொல்லிவைக்கலாம். பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேலத்து மூக்கனேரிக் கரையில் நின்று எண்ணுவதற்கு வயதும் பட்டமும் தேவையில்லை. அங்கேயும் "ஒரு பறவையை இரண்டு முறை எண்ணினேனா?" என்ற என் பழைய இருபது, பத்தொன்பது சிக்கல்தான்.

கடைசியாக, பி.எட். படிக்கலாமா என்றீர்கள். ஆராய்ச்சியிலிருந்து தப்பிக்கும் வழியாக அதை நினைத்தால் வேண்டாம். எம்.எஸ்சி. முடித்த பிறகும் அந்த வழி திறந்தே இருக்கும். வீட்டில் வருமானம் அவசரம் என்றால் தாராளமாகப் படியுங்கள். வாழப்பாடிப் பள்ளி ஒன்றில் நீங்கள் ஊசலை விட்டு "பூஜ்யம்" என்று எண்ணத் தொடங்கினால் எனக்கு அதில் குறைவான மகிழ்ச்சி இல்லை. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தவரையில் நீங்கள் இன்னும் அந்த முடிவுக்கு வரவில்லை. முதலில் இந்த ஆண்டு விண்ணப்பத்தைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு ஒருமுறை. அதன் பிறகு பேசலாம்.

என் வீட்டுக் கூடத்தில் அப்பா காலத்து ஊசல் கடிகாரம் ஒன்று தொங்குகிறது. தண்டு எஃகு. சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும். சில வாரங்களாக, தினமும் காலை ஆறு மணிக்குக் கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு எத்தனை விநாடி முந்துகிறது, பிந்துகிறது என்று குறித்து வருகிறேன். நாளுக்கு நாள் மூன்று விநாடிக்கு மேல் ஆடுவதில்லை. ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் என் நண்பர் வீட்டில் ஒரு வாரம் மாட்டிவைக்க இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சுவர் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு தூக்குக்குண்டு, அறை வெப்பநிலைக்கு ஒரு வெப்பமானி, தினமும் காலை ஆறு மணிக்குக் குறிக்க ஒரு ஆள். முதல் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. பருவத் தேர்வு முடிந்ததும் தோழிகளோடு வருவதானால் சொல்லுங்கள். பஸ்ஸில் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு போக இன்னும் இரண்டு பேர் வேண்டும்.